சங்கத்துக்குள்ளும் ஒரு கடைசி வரிசை

அமெரிக்காவின் மெக்சிக்க வம்சாவளிச் சனங்களைப் பற்றி எழுதும்போது சீசர் சாவேசிலிருந்துதான் நம்ம ஆட்கள் தொடங்குகிறார்கள். அவரை உருவாக்கிய அமைப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

1947இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரசபைத் தேர்தலில் எட்வர்டு ராய்பல் தோற்றார். தோற்றதும் அவரவர் வீட்டைப் பார்த்துப் போகாமல், தேர்தல் வேலை செய்தவர்கள் ஒரு சங்கமாகக் கூடினார்கள். கம்யூனிட்டி சர்வீஸ் ஆர்கனைசேஷன் என்று பெயர். பெயரைப் பார்த்து தருமகாரியம் என்று நினைத்துவிடக் கூடாது. ஓட்டு, குடியுரிமை, போலீஸ் அடி — இவைதான் அதன் வேலை.

அதில் வேலை செய்த ஃபிரெட் ராஸ் என்ற வெள்ளைக்காரர் கையாண்ட முறை எளிமையானது. மேடை கிடையாது. ஒரு வீட்டில் அக்கம்பக்கத்துச் சனங்க கொஞ்சப் பேர் உட்காருவாங்க. தெருவில் விளக்கில்லை, நடைபாதை இல்லை, பையனைப் போலீஸ் அடிச்சான் என்று அவங்க பாட்டை அவங்களே பேசுவாங்க. வந்தவரில் ஒருவர் தன் வீட்டில் அடுத்த கூட்டத்தைக் கூட்டுவார். இப்படி வீடு வீடாக ஏறி இறங்கி ஏறத்தாழ 15,000 பேரை வாக்காளர்களாகப் பதிந்தார்கள். 1949இல் ராய்பல் ஜெயித்தார். 19ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அந்தச் சபைக்குள் நுழைந்த முதல் மெக்சிக்க அமெரிக்கர் அவர்தான்.

1951 கிறிஸ்துமஸ் நாளில் காவலில் இருந்த 7 பேரைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. அதில் 5 பேர் மெக்சிக்க அமெரிக்க இளைஞர்கள். சங்கம் விடவில்லை. 8 போலீஸ்காரர்கள் மேல் வழக்கு வந்து, 5 பேர் தண்டனை பெற்றார்கள். டொலோரஸ் ஹுவெர்ட்டா முதலானோர் போராடியதில், குடியுரிமை இல்லாத முதியவர்களுக்கும் கலிபோர்னியாவில் 1961இல் உதவித்தொகை கிடைத்தது.

சாவேஸ் 1952இல் சான் ஹோசேயில் இந்தச் சங்கத்துக்கு வந்தவர். அவர் குடியிருந்த பகுதிக்கு 'முடிஞ்சா தப்பிச்சுப் போ' என்று பொருள்படும் பெயர், சால் சி புவேதெஸ். ராஸிடம் வேலை கற்று, சங்கத்தின் தேசிய இயக்குநராகவும் ஆனார்.

கதை இங்கேதான் திரும்புகிறது. 1935ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சங்கம் வைக்கும் உரிமையை எல்லோருக்கும் கொடுக்கவில்லை. விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் வெளியே நிறுத்தியது. குட்டைப்பிடி மண்வெட்டியோடு நாள் முழுக்க முதுகு வளைந்து நின்ற சனம் அது. அவங்களுக்காக இறங்குவோம் என்று 1962 மாநாட்டில் சாவேஸ் கேட்டார். மாநாடு மறுத்தது. நாம் குடிமை உரிமை அமைப்பு, தொழிற்சங்கம் நம்ம வேலையில்லை என்றது வாதம். நகரத்தில் கொஞ்சம் நிமிர்ந்து நிற்க ஆரம்பித்தவர்களின் குரலாகத்தான் இதை நான் கேட்கிறேன்.

சாவேஸ் விலகி டெலானோவுக்குப் போனார், ஹுவெர்ட்டாவும் சேர்ந்தார். அங்கேயும் வீட்டுக் கூட்டம்தான் கைகொடுத்தது. 1965 செப்டம்பரில் லேரி இட்லியோங் தலைமையில் பிலிப்பினோ கூலிகள் திராட்சைத் தோட்டத்தில் முதலில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள், மெக்சிக்கர்கள் எட்டாம் நாள் சேர்ந்தார்கள். 1970இல் முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

பழைய சங்கத்தைத் துரோகி என்று நான் தள்ளவில்லை. ஓட்டும் குடியுரிமையும் அது வாங்கிக் கொடுத்தவை. வயல்காட்டுக்குப் போன கருவியும் அது செய்து கொடுத்ததுதான். ஆனால் 'சமூகம் முன்னேறியது' என்று எழுதும்போது, அதில் யார் முதலில் ஏறினார்கள், யாரைக் காத்திருக்கச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். விடுதலை பேசும் எந்த அமைப்பும், நம்முடையதும்தான், இந்தக் கேள்விக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும்.