யவனர் மதுவும் நாசிக் திராட்சையும்

திராட்சை மது தமிழர் அறியாத பொருள் என்று கருதுவார் நம்மிடையே உண்டு. புறநானூற்றின் 56ஆம் பாடலோ, யவனர் கொணர்ந்த மதுவைப் பருகிப் பாண்டியன் நன்மாறன் நாளும் மகிழ்ந்திருக்க வாழ்த்துகிறது. 1945இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் வீலர் நடத்திய அகழாய்வில், அத்தகைய மது வந்த இருகாதுச் சாடிகளின் ஓடுகள் வெளிப்பட்டன. ஆயினும் அது கடல் கடந்து வந்து மன்னர் அவையை அடைந்த பண்டம். அதனை விளைத்ததில் நம் உழவர்க்குப் பங்கில்லை.

அண்மையில் நாசிக்கில், கங்காப்பூர் அணையருகே உள்ள திராட்சைத் தோட்டமொன்றைக் குடும்பங்களுடன் ஒருநாள் கண்டுவந்தோம்; சிலர் மதுவைச் சுவைத்தோம், சிலர் பழச்சாற்றோடு அமைந்தோம். 2001இல் மராட்டிய அரசு இத்தொழிலுக்குத் தனிக் கொள்கை வகுத்தபின் அங்கே மது ஆலைகள் பெருகின. அன்று சாடியில் வந்திறங்கியது இன்று தக்காண உழவரின் கொடியிலேயே விளைகிறது. சுவைப்பதும் தவிர்ப்பதும் அவரவர் விருப்பம். நம் முன்னோர் அறியாதது என்பதற்கு மட்டும் நம் இலக்கியம் இடந்தரவில்லை.