கடவுச்சொல்லும் கல்லாப்பெட்டிச் சாவியும்

1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் ஆர்பத்நாட் வங்கி கதவடைத்தது. ஆங்கிலேயர் நடத்தியது, பெரிய பெயர் வேறு! நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கானோர் பரிதவித்தார்கள். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்த அடியில் இருந்துதான் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது.

கிரிப்டோ பரிமாற்றகங்களின் கதையும் ஏறத்தாழ இதுவே. 2011 ஜூனில் ஜப்பானின் மவுண்ட் காக்ஸில் இருந்து சுமார் 60,000 பேரின் கணக்குப் பெயர்களும், உருமாற்றிச் சேமித்த கடவுச்சொற்களும் கசிந்தன. எளிய கடவுச்சொற்கள் விரைவில் உடைபட்டன. மைபிட்காயின் என்ற வேறொரு தளத்திலும் அதே கடவுச்சொல்லை வைத்திருந்தவர்கள் சிலர் அங்கேயும் காசை இழந்தார்கள். ஒரே சாவியால் இரண்டு வீட்டைப் பூட்டினால் வேறென்ன நடக்கும்?

சரி, கடவுச்சொல் வலுவாக இருந்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2024 ஜூலை 18 அன்று இந்தியாவின் வசீர்எக்ஸில் சுமார் 23 கோடி டாலர் களவுபோனது. உடைந்தது வாடிக்கையாளரின் பூட்டு அல்ல, நிறுவனத்தின் பொதுப்பெட்டி. நட்டத்தை எல்லார் தலையிலும் பங்கிட ஏற்பாடு நடந்தது. முதலீட்டாளர் ஒருவர், களவுபோன நாணயம் வேறு, தன் எக்ஸ்ஆர்பி வேறு என்று சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2025 அக்டோபரில் நீதிமன்றம், கிரிப்டோ நாணயமும் சொத்தே, பிறரிடம் நம்பி ஒப்படைக்கத் தக்கதே என்று கூறி அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது.