திவானும் பத்திரிகையும்

கேரளத்தில் பெரியாற்றங்கரையில் ஏலூர் என்றோர் ஊர் உண்டு. பிழைப்பை நாடிச் சென்ற தமிழர் பலருக்கு வாழ்வளித்த ‘பாக்ட்’ உரத் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. 1943-இல் சேஷசாயி சகோதரர்களைக் கொண்டு அதனை நிறுவச் செய்தவர், அந்நாள் திருவிதாங்கூர்த் திவான் சர் சி. பி. ராமசுவாமி ஐயர். தமிழர் ஒருவர் அயல் சமஸ்தானத்தில் தொழில் வளர்த்ததை நாம் பெருமையுடன் பேசுகிறோம். அவரைப் பற்றி வரலாறு கூறும் மற்றொரு செய்தியையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தோன்றிப் பொறுப்பாட்சி கோரிற்று. கிளர்ச்சிச் செய்திகளை ‘மலையாள மனோரமா’ மக்களிடம் கொண்டு சென்றது. திவான் அச்செய்திகளுக்கு மறுப்புரைப்பதோடு நிற்கவில்லை. செய்தி பிறக்கும் இடத்தையே அடைக்கத் துணிந்தார். செப்டம்பரில் பத்திரிகையின் உரிமம் ரத்தாயிற்று, அச்சகம் முத்திரையிடப்பட்டது. ஆசிரியர் கே. சி. மாம்மன் மாப்பிள்ளை சிறை புகுந்தார். அவர் தொடர்புடைய வங்கி அதற்குச் சில மாதங்கள் முன்னரே வீழ்ந்திருந்தது. அதற்கும் திவானே காரணம் என்று பலர் நம்பினர்.

இம்முறை புதியதன்று. 1910-இல் திவான் பி. இராஜகோபாலாச்சாரி காலத்தில் ‘சுவதேசாபிமானி’யின் அச்சகம் பறிமுதலாயிற்று, ஆசிரியர் இராமகிருஷ்ண பிள்ளை நாடு கடத்தப்பட்டார். ஆயினும் அவர் வெளியே இருந்துகொண்டு, தாம் நாடு கடத்தப்பட்ட கதையை நூலாக எழுதினார். மனோரமாவும் அவ்வாறே கொச்சி இராச்சியத்துக் குன்னங்குளத்திலிருந்து சில காலம் வெளிவந்தது. திவானின் ஆணை சமஸ்தானத்தின் எல்லையோடு நின்றுவிட்டது.

வியப்பு யாதெனில், 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையாரின் ‘நியூ இந்தியா’ செலுத்திய பிணைத்தொகையைச் சென்னை அரசாங்கம் பறிமுதல் செய்தது. அவ்வம்மையாரின் ஹோம்ரூல் இயக்கத்தில் முன்னின்றவர் இதே ராமசுவாமி ஐயர். எதிர்ப்பில் இருந்தபோது பத்திரிகையின் அருமையை உணர்ந்தவர், அதிகாரத்தில் அமர்ந்ததும் அதனை அஞ்சினார்.

எதிர்க்குரலை அடக்கிய அரசு மக்களின் மனத்தை அறியும் வழியையும் இழந்துவிடுகிறது. 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனி நாடாக நிற்கும் என்று திவான் அறிவித்தார். எதிர்ப்பு மூண்டது, ஜூலை 25-இல் அவர் தாக்கப்பட்டார், ஆகஸ்டில் பதவி துறந்து சென்றார். நவம்பரில் மனோரமா மீண்டும் வெளிவந்தது.

ஏலூர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியதும் அவ்வாண்டிலேதான். ஆலையும் பத்திரிகையும் இன்றும் உள்ளன. அயலகத்தில் வாழும் நாம் நம்மவர் ஆக்கியதைப் போற்றுவோம். நம்மவர் அடக்கியதையும் மறவாதிருப்போம். அவ்வாறு பேசும் தமிழனின் சொல்லையே அயலாரும் மதிப்பர்.