பம்பர் கீறலும் வோட்டர் பேப்பரும்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் போன ஏறத்தாழ ஐந்து வருடத்தில் நம்மூர் வளவுகளில் ஒரு கைவேலை பழகிவிட்டது. ஜும்ஆ முடிந்து சாப்பிட்டு எழும்பினால் ஒரு வாளித் தண்ணீர், நாலாய் மடித்த வோட்டர் பேப்பர், மஸ்கிங் டேப், ஒரு ஸ்ப்ரே டின். முன்னால் ஒரு ஒல்டோவோ வெகன் ஆரோ. புதுசு எடுக்க வழியில்லை, பழசின் விலையோ ஆகாயத்தில். இருப்பதைப் பேணிக்கொள்ளத்தானே வேணும்.

அந்த வாளியைச் சுற்றிக் கிடக்கிற சாமான்களுக்கு நூறு வருடக் கதை இருக்கிறது. நாம் வகுப்பில் கைத்தொழிற் புரட்சி என்றால் நீராவி எந்திரம், நூற்கும் எந்திரம் என்று நிறுத்திவிடுகிறோம். கராஜ் வரைக்கும் வருவதில்லை.

முதற்கால மோட்டார் வாகனங்களுக்குக் குதிரை வண்டிக்குப் பூசுவது போலத்தான் பூசினார்கள். தூரிகையால் ஒரு பூச்சு, காய விட்டு, உரஞ்சி, மறுபடி ஒரு பூச்சு. ஒரு வாகனம் நிறம் பூசி வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். அதை மாற்றியது அமெரிக்காவின் டூபொண்ட் கம்பனி. அவர்கள் வெடிமருந்துக்காரர்கள். முதலாம் உலகப் போர் முடிந்ததும், வெடிமருந்துக்குச் செய்த நைட்ரோசெல்லுலோசுக்கு வேறு வேலை தேட வேண்டி வந்தது. அதைக் கரைத்து ஸ்ப்ரே பண்ணக்கூடிய ‘டூக்கோ’ லேக்கர் ஆக்கினார்கள். 1923இல் ஓக்லண்ட் என்ற வாகனம் அந்தப் பெயின்ற்றில் நீல நிறமாக வெளிவந்தது. வாரக்கணக்கு வேலை மணிக்கணக்கானது, கறுப்பைத் தவிர வேறு நிறங்களும் மலிவாகின.

பெயின்ற் மாறியதும் உரஞ்சும் வேலையும் கூடியது. உலர்ந்த சேண்ட் பேப்பரால் தேய்த்தால் தூசி பறக்கும். அந்தக் காலத்துப் பெயின்ற்றில் ஈயம் இருந்தது. தேய்க்கிறவர்களின் நெஞ்சுக்குள் போவதும் அதுதான். பிலடெல்பியாவில் மை செய்யும் பிரான்சிஸ் ஓக்கி என்பவர், மினசோட்டாவிலிருந்த ஒரு சேண்ட் பேப்பர் கம்பனிக்கு, நீங்கள் பாவிக்கும் மணல் வகைகளில் எல்லா அளவிலும் மாதிரி அனுப்புங்கள் என்று கடிதம் எழுதினார். மை செய்கிறவனுக்கு மணல் எதற்கு என்று கம்பனி விசாரித்தது. தண்ணீரில் ஊறினாலும் பிரியாத பேப்பர் ஒன்றை அவர் செய்து வைத்திருந்தார். அந்தக் கம்பனிதான் இன்றைய த்ரீ எம். 1921இல் அந்தப் பேப்பர் சந்தைக்கு வந்தது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி சேறாகி ஓடிவிடும். நம் கராஜ்களில் இன்றைக்கும் பேப்பருக்குப் பக்கத்தில் வாளி இருப்பது அதனால்தான்.

அடுத்து வருகிறவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேணும். ரிச்சர்ட் ட்ரூ. பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கப் போய் இடையில் விட்டவர். நடனக் குழுக்களில் பாஞ்சோ வாசித்துக் காசு தேடியவர். அதே கம்பனியில் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தார். வோட்டர் பேப்பரைப் பரீட்சித்துப் பார்க்க செயின்ட் போல் நகரத்துக் கராஜ்களுக்குப் போய்வருவது அவருடைய வேலை. அப்போது இரண்டு நிற வாகனம்தான் மோஸ்தர். ஒரு நிறம் பூசி, அதைப் பேப்பர் ஒட்டி மறைத்து, மற்ற நிறத்தைப் பூசுவார்கள். ஒட்டியதை இழுக்கும்போது பெயின்ற்றும் சேர்ந்து உரிந்து வரும். வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேணும். அந்த ஏச்சைக் கேட்டுவிட்டு ட்ரூ சும்மா வரவில்லை. ஒட்டவும் வேணும், உரிக்காமல் வரவும் வேணும் என்று பசைகளைக் கலக்கிக் கலக்கிப் பார்த்தார். மேலதிகாரி இதை விடு என்றும் சொல்லிப் பார்த்தார். 1925இல் மஸ்கிங் டேப் பிறந்தது. முதற்தடவை கொண்டுபோனதில் பசை ஓரங்களில் மட்டும்தான் இருந்ததாம். கஞ்சத்தனம் பண்ணுகிறீர்களா என்று கராஜ்காரர் கேலி செய்ததிலிருந்துதான் ‘ஸ்கொட்ச்’ என்ற பெயர் வந்ததென்று ஒரு கதை உண்டு. ஸ்கொட்லாந்துக்காரர்களைக் கஞ்சர்கள் என்று கேலி செய்வது அவர்கள் வழக்கம்.

ஸ்ப்ரே டின்னின் கதை சின்னது. 1949இல் எட்வர்ட் சீமோர் என்ற பெயின்ற் வியாபாரி, மனைவி சொன்ன யோசனையின்படி, பெயின்ற்றையும் ஸ்ப்ரே டின்னில் அடைத்துப் பார்த்தார். அவ்வளவுதான்.

இனி பம்பர். நம் மூத்தவர்கள் ஓட்டிய மொரிஸ் மைனரிலும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜிலும் பம்பர் இரும்பு, மேலே குரோம் முலாம். இடித்தால் நெளியும், தட்டி நிமிர்த்தலாம், பெயின்ற் பேச்சே இல்லை. 1968இல் பொன்டியாக் ஜீடிஓ என்ற வாகனம், உடம்பின் நிறத்திலேயே வளைந்து கொடுக்கும் பம்பரோடு வந்தது. பிறகு, மெதுவாக மோதினால் விளக்குகள் உடையக்கூடாது என்று அமெரிக்க அரசு சட்டம் போட, 1973 மொடல்களிலிருந்து கனத்த பம்பர்கள் வந்தன. கனம் கூடினால் எண்ணெய்ச் செலவு கூடும். கடைசியில் எல்லாரும் பிளாஸ்டிக்கில் வந்து நின்றார்கள். அடி வாங்கவென்று வைத்த உறுப்புக்கே பளபளவென்று பெயின்ற் அடித்துவிட்டு, கீறல் விழுந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறோம். இது விற்கிறவனுக்கு மட்டும் லாபமான முன்னேற்றம் என்றுதான் நமக்குப் படுகிறது.

இந்த வரலாறு தெரிந்தால் கையிலும் காசிலும் மிச்சம் பிடிக்கலாம். பம்பரில் பிளாஸ்டிக்குக்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர். கீறலைக் குறுக்கே நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டாவிட்டால் காயம் பெரும்பாலும் கிளியரோடு நின்றிருக்கும். 2000 நம்பர் பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகத் தேய்த்து, கொம்பவுண்ட் போட்டுப் பொலிஷ் பண்ணினாலே போதும். சிலவேளை அது கீறலே இல்லை, மதிலின் பெயின்ற் ஒட்டியிருக்கும். பிளாஸ்டிக்கே தெரிகிறதென்றால் கதை வேறு. பெரும்பாலான பம்பர்கள் பொலிப்புரொப்பிலீன். உட்பக்கம் பார்த்தால் பிபி என்ற எழுத்து அச்சாகியிருக்கும். அதில் பெயின்ற் தானாகப் பிடிக்காது. பிளாஸ்டிக் பிரைமர் அடிக்காமல் நிறம் பூசினால், முதல் தடவை பிரஷர் வோஷ் பண்ணும்போதே தோலாக உரியும். தகட்டுக்குப் போடும் பட்டியையும் பம்பரில் போடாதீர்கள். பம்பர் வளையும், பட்டி வெடிக்கும்.

டூ கே கிளியரை மட்டும் வீட்டில் அடிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறோம். அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சோடு உள்ளே போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருதரம் பிடித்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே இழுக்கும். துணி மாஸ்க் அதற்குப் பிரயோசனமில்லை. வீட்டில் பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கிறார்கள்.

வீட்டில் ஒருநாள் அடிக்கிறவருக்கே இப்படியென்றால், சாதாரண தரம் எழுதிவிட்டுக் கராஜுக்குப் போன நம் மாணவர்கள் அதை நாள்தோறும் அடிக்கிறார்கள். முகத்தில் சாரத்துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு. பெற்றோர் கூட்டத்தில் நாம், படிக்காவிட்டால் கராஜுக்குத்தான் போகவேணும் என்று பயம் காட்டுகிறோம். போனவனுக்கு நல்ல மாஸ்க் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. ட்ரூவை ஏசிய கராஜ்காரரின் பெயரும் வரலாற்றில் இல்லை.

நம்மூரில் முதன்முதல் ஸ்ப்ரே கன் பிடித்தவர் யார், எந்தச் சந்தியில் எந்தக் கராஜ், எந்த வருடம்? அந்தக் காலத்துக் கைகளில் சிலபேர் இன்னும் இருக்கிறார்கள். தெரிந்தவர்கள் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள், சேர்த்து வைப்போம். கேட்கப் போகும்போது காட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் ஒன்றையும் வாங்கிக்கொண்டு போகலாம்.