ஜூரர் பட்டியலில் இல்லாத பெயர்கள்

ஏட்டில் சமத்துவம் எழுதப்படுவது ஒன்று. கூண்டில் நிற்கும் மனிதனை அச்சமத்துவம் வந்தடைவது வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பள்ளத்தைத் தூர்ப்பதற்கே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒரு சட்டப் பேராசிரியரின் சரித்திரத்தை இன்று நம் வாசகர்கள்முன் வைக்கின்றோம். அவர் அமெரிக்கக் கறுப்பினத்தவரான சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன்.

1895-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரிற் பிறந்த ஹூஸ்டன், முதல் உலக யுத்தத்தில் இராணுவ அதிகாரியாகச் சேவை புரிந்தார். வெள்ளையருக்கு ஒரு நீதியும் கறுப்பருக்கு ஒரு நீதியும் வழங்கப்படுவதை அங்கே கண்ணாரக் கண்டார். யுத்தம் முடிந்ததும், எதிர்த்து நிற்க வலிமையற்றவர்களுக்காக வாதாடுவதே இனித் தமது தொழில் என்று உறுதிபூண்டு, ஹார்வர்ட் சட்டக் கலாசாலையிற் சேர்ந்தார். அக்கலாசாலையின் புகழ்பெற்ற சட்டச் சஞ்சிகையின் ஆசிரியர் குழுவில் இடம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே.

அக்காலத்து நிலைமை யாது? சட்டத்தின் பாதுகாப்பு யாவர்க்கும் சமம் என்று அமெரிக்க அரசியற் சட்டம் 1868-லேயே திருத்தப்பட்டது. கறுப்பர் ஜூரராகக் கூடாது என்று சட்டமியற்றுவது செல்லாது என உச்ச நீதிமன்றமும் 1880-ல் தீர்ப்பளித்தது. ஆயினும் பெயர்களைப் பொறுக்கும் அதிகாரிகள், வாய் திறவாமலே கறுப்பர் பெயர்களை விட்டுவிட்டனர். சட்டத்தில் தடையில்லை; பட்டியலில் பெயருமில்லை! ஏனென்று கேட்கவல்ல கறுப்பு வழக்கறிஞரோ தென்மாநிலங்களில் மிகச் சிலரே.

இக்குறையைத் தீர்க்கும் பட்டறையாக ஹூஸ்டன் கண்டது ஹோவர்ட் சர்வகலாசாலையின் சட்டப் பள்ளியை. 1924-ல் அங்கு ஆசிரியரானார். 1929-ல் அதன் பொறுப்பை ஏற்றார். இரவுப் பள்ளியை மூடி, முழுநேரப் பகற் பள்ளியாக்கி, 1931-ல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரத்தையும் பெற்றார். பகலெல்லாம் உழைத்து இரவில் கற்கும் ஏழைக்கு வழி அடைபடுகின்றதே என்று பலர் குறை கூறினர். அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால், உயிருக்கு மன்றாடும் ஒருவனுக்கு அரைகுறையாய்க் கற்ற வழக்கறிஞனால் யாது பயன் என்பதே ஹூஸ்டனின் எண்ணம்.

கற்பித்ததை அவர் நீதிமன்றத்திலும் செய்து காட்டினார். 1933-ல் விர்ஜினியாவில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பர் ஒருவருக்காக, முற்றும் கறுப்பு வழக்கறிஞர்களே கொண்ட குழுவுக்குத் தலைமை வகித்தார். ஜூரர் அனைவரும் வெள்ளையர். மரண தண்டனை நீங்கி ஆயுட் சிறை கிட்டியது. இதை வெற்றி என்போமா? உயிர் தப்பியது; நீதி முழுமையாக வரவில்லை. 1935-லோ, ஓக்லஹோமாவில் மரண தண்டனை பெற்ற மற்றொரு கறுப்பரின் வழக்கில், ஜூரர் பட்டியலிலிருந்து அவரினத்தார் நெடுங்காலமாக விலக்கப்பட்டதை எடுத்துக்காட்டி, உச்ச நீதிமன்றத்தில் அத்தீர்ப்பை ரத்துச் செய்வித்தார்.

1950-ல் ஹூஸ்டன் காலமானார். பள்ளிகளில் நிறபேதம் செல்லாது என்ற 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காண அவர் உயிரோடில்லை. அவ்வழக்கை வாதாடி வென்ற தர்குட் மார்ஷலோ, 1933-ல் ஹோவர்டிற் பட்டம் பெற்ற அவருடைய மாணவர். 1967-ல் உச்ச நீதிமன்றத்தின் முதற் கறுப்பு நீதிபதியானவர்.

அநீதியைக் கண்டு வருந்துவோர் எங்கும் உளர். அதனை எதிர்த்துக் கேட்கவல்லோரை ஆண்டுக்கணக்கிற் பயிற்றுவித்து அனுப்புவோர் அரியர். ஹூஸ்டன் அவ்வரியவருள் ஒருவர்.