எந்த டிரான்ஸ்பார்மரின் கீழ்? விசைத்தறி ஊர்களில் மின்காந்த இணக்கச் சான்றின் எல்லை

மின்கருவி ஒன்றின் மின்காந்த இணக்கத்தைச் சோதிப்பவர்கள் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். அக்கம்பக்கத்துக் கருவிகளுக்கு அது எவ்வளவு இடையூறு தருகிறது? அங்கிருந்து வரும் இடையூறை எவ்வளவு தாங்குகிறது? முன்னது உமிழ்வு, பின்னது தாங்குதிறன். இரண்டையும் அளந்து எண்ணாகச் சொல்லிவிடலாம். அந்த எண்ணை எந்த வரம்போடு ஒப்பிடுவது என்பதை மூன்றாவது கேள்வி ஒன்று தீர்மானிக்கிறது: கருவி எங்கே ஓடப்போகிறது? வீடுகள் ஒரு பக்கம், ஆலைகள் வேறு பக்கம் என்று பிரிந்து கிடக்கும் ஊரை மனத்தில் வைத்தே சர்வதேசத் தரங்கள் இதற்கு விடை எழுதியுள்ளன. விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையும் அதை ஒட்டிய பாளையம்பட்டியும் சேர்ந்த கரிசல் வட்டாரம் அப்படிப்பட்டதல்ல. நூற்பாலையும் விசைத்தறியும் இங்கே குடியிருப்போடு கலந்தே வளர்ந்தன. இத்தகைய ஊரில் ‘தொழிற்சாலைக்கு உரியது’ என்று சான்று பெற்ற கருவி, சான்று இருந்தும் இணக்கமற்றதாகிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இடையூறுக்கு வரம்பு கட்டும் முயற்சி வானொலியோடு தொடங்கியது. வீட்டுக்கு வீடு வானொலிப் பெட்டி வந்தபோது, மோட்டாரும் டிராமும் எழுப்பிய இரைச்சல் ஒலிபரப்பைக் கெடுத்தது. வானொலி இடையூறுக்கான சர்வதேசச் சிறப்புக் குழுவான சிஸ்பர் 1934இல் பாரிஸில் கூடியது அதற்காகத்தான். இன்றைய வரம்புகளிலும் அந்தப் பிறவிக்குறி தெரிகிறது. வீட்டுச் சூழலுக்கான கருவி மின்கம்பி வழியே வெளிவிடும் இரைச்சல், 0.5 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை 56 டெசிபல் மைக்ரோவோல்ட்டைத் தாண்டக்கூடாது. மில்லிவோல்ட் கணக்கில் அது ஏறத்தாழ 0.63. மத்திய அலை வானொலி முழுவதும் இந்தப் பட்டைக்குள் அடங்கும். திருநெல்வேலி நிலையத்தின் 1197 கிலோஹெர்ட்ஸும், தூத்துக்குடியில் 200 கிலோவாட் திறனோடு நிறுவப்பட்ட நிலையத்தின் 1053 கிலோஹெர்ட்ஸும் இதில்தான் இருக்கின்றன.

காற்றில் பரவும் இரைச்சலுக்கும் வரம்பு உண்டு. 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை, 10 மீட்டர் தூரத்தில், மீட்டருக்கு 30 டெசிபல் மைக்ரோவோல்ட். அந்த 10 மீட்டர் அளவிடும் வசதிக்காக மட்டும் வைத்ததல்ல. பக்கத்து வீட்டு ஆன்டெனா ஏறத்தாழ அவ்வளவு தள்ளி இருக்கும் என்ற அனுமானமும் அதற்குள் இருக்கிறது. தறிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர் இருக்கும் தெருவில் இந்த அனுமானம் முதலிலேயே உடைந்துபோகிறது.

இதைவிட ஆழமான உடைவு மின்கம்பியில் இருக்கிறது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்களுக்கான சர்வதேசத் தரம் ஐ.இ.சி. 61800-3. அது உலகை இரண்டு சூழல்களாகப் பிரிக்கிறது. வீடுகளுக்கு மின்சாரம் தரும் தாழ்வழுத்தக் கம்பியில், இடையே வேறு டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நேரடியாக இணைந்த கட்டடங்கள் எல்லாம் முதல் சூழல். தனி டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கும் ஆலைகள் இரண்டாம் சூழல். கட்டடம் வீடா, கடையா, தறிக்கூடமா என்று தரம் பார்ப்பதில்லை; எந்த டிரான்ஸ்பார்மரின் கீழ் இருக்கிறது என்றே பார்க்கிறது. இரண்டாம் சூழலுக்கான சி3 வகை டிரைவ், 100 ஆம்பியர் வரை, 150 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் 100 டெசிபல் மைக்ரோவோல்ட் வரை இரைச்சல் விடலாம். அதாவது 100 மில்லிவோல்ட். வீட்டு வரம்பு அதே பட்டையில் 2 மில்லிவோல்ட்டில் தொடங்கி இறங்குகிறது. ஐம்பது மடங்குக்குக் குறையாத வேறுபாடு இது. ஆலையின் டிரான்ஸ்பார்மரும் தூரமும் இரைச்சலை வீட்டுக்குப் போகாமல் தடுக்கும் என்பதே இவ்வளவு தாராளத்துக்குக் காரணம்.

பெரிய நூற்பாலைக்கு இது பொருந்தும். உயரழுத்த இணைப்பு, சொந்த டிரான்ஸ்பார்மர், வளாகச் சுவர் எல்லாம் அங்கே உண்டு. ரிங் ஃபிரேமுக்கு சி3 டிரைவ் பொருத்தினால் அதனால் அவதிப்படுவது பெரும்பாலும் அந்த ஆலையின் கருவிகளே. நூலின் தடிப்பையும் மெலிவையும் பிடிக்கும் சென்சார் பொய்யாக வெட்டும். நட்டம் ஆலைக்குத்தான் என்பதால் நிர்வாகமே சரிசெய்துவிடும். சிறு தறிக்கூடத்தின் நிலை வேறு. தெருமுனை டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் கம்பியே அதற்கும் வருகிறது, அடுத்த வீட்டுக்கும் போகிறது. அங்கே ரேபியர் தறிக்கோ நூல் சுற்றும் இயந்திரத்துக்கோ சி3 டிரைவ் வைத்தால், தொழிற்சாலை அளவு இரைச்சல் எந்தத் தடையும் இல்லாமல் வீட்டுக் கம்பியில் ஏறுகிறது. மாவு மில்லுக்கும் இதே கதைதான். வீடுகளுக்கு மின்சாரம் தரும் பொதுத் தாழ்வழுத்த வலைக்கு இக்கருவி உரியதல்ல என்று சி3 டிரைவின் கையேட்டில் எச்சரிக்க வேண்டும் எனத் தரம் விதிக்கிறது. ஆங்கிலக் கையேட்டின் உட்பக்கத்தில் இருக்கும் அந்த வரி, டிரைவைப் பொருத்தும் எலக்ட்ரீஷியனின் கண்ணில் படுவது அரிது.

இடையூறு என்று சொன்னவுடன் இந்த வட்டாரத்தில் வரும் முதல் பதில், ‘எர்த் சரியில்லை.’ கோடையில் கரிசல் வெடித்து, எர்த் குழாயை விட்டு விலகுகிறது, தடை ஏறுகிறது. குழியில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மனிதர் உயிரைக் காக்க அது அவசியம். அதில் ஒரு சொட்டும் குறைக்கக் கூடாது. ஆனால் ரேடியோ அலைவெண் இரைச்சலுக்கு அது மருந்தல்ல. இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் பழி மண் மீது விழுகிறது.

டிரைவுக்குள் இருக்கும் ஐ.ஜி.பி.டி. சுவிட்சு, 415 வோல்ட் இணைப்பில், ஏறத்தாழ 580 வோல்ட் நேர்மின்னழுத்தத்தை 100 நானோவிநாடி அளவில் ஏற்றி இறக்குகிறது. இதுவே ஒரு விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை. ஒவ்வொரு ஏற்றத்திலும் மோட்டார் கேபிளுக்கும் தரைக்கும் இடையே உள்ள மின்தேக்கம் வழியே ஒரு மின்னோட்டத் துடிப்பு பாய்கிறது. பாய்ந்தது புறப்பட்ட இடமான டிரைவுக்கே திரும்பியாக வேண்டும். எர்த் கம்பி வழியே திரும்பட்டுமே என்றால், ஒரு மீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஹென்ரி மின்தூண்டல் உண்டு. 10 மீட்டர் கம்பி 1 மெகாஹெர்ட்ஸில் 60 ஓமுக்கு மேல் எதிர்க்கிறது. 10 மெகாஹெர்ட்ஸில் 600 ஓமுக்கு மேல். குழியின் தடையை 5 ஓமிலிருந்து 1 ஓமுக்குக் குறைத்தாலும் இந்தக் கணக்கில் மாற்றம் தெரியாது. இரைச்சல் குழி வரை போவதே இல்லை. அருகில் கிடைக்கும் வழியெல்லாம் நுழைந்து திரும்புகிறது, அந்த வழிகளில் ஒன்று அடுத்த வீட்டுக்குப் போகும் கம்பி. தீர்வு டிரைவின் அருகிலேயே இருக்கிறது: உறையிட்ட மோட்டார் கேபிள், உறையின் இரு முனையையும் முழுச்சுற்றாகப் பிடிக்கும் கிளாம்ப், டிரைவையும் ஃபில்டரையும் பெயின்ட் சுரண்டிய ஒரே உலோகத் தகட்டில் பொருத்துதல், குட்டையான அகலமான செம்புப் பட்டை. சோதனைக்கூடத்தில் தரையாகப் பயன்படுவதும் உலோகத் தகடுதான், ஈரமண் அல்ல. எனவே வறண்ட நிலத்துக்குச் சோதனை பொருந்தாது என்ற சமாதானம் எடுபடாது.

ஓரிடத்தில் மட்டும் வறட்சிக்கும் இணக்கத்துக்கும் நேரடி உறவு உண்டு. டிரைவுக்குள் இருக்கும் ஃபில்டர், இரைச்சலோடு சிறிது 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தையும் எர்த்துக்குக் கசியவிடும். கோடையில் மண் விலகி எர்த் துண்டித்திருந்தால் தொட்டவருக்கு ஷாக். எர்த் இருந்தாலும் கசிவைக் கண்டு துண்டிக்கும் பிரேக்கர் அடிக்கடி விழும். உடனே ஃபில்டரின் எர்த் திருகைக் கழற்றிவிடுவது எளிய வழியாகிவிடுகிறது. அதோடு சான்றும் கழன்றுவிடுகிறது.

இந்தியச் சட்டம் இதில் எங்கே நிற்கிறது? மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012இல் பிறந்து, பின்னர் எல்.இ.டி. விளக்குகளையும் சேர்த்துக்கொண்டது. அந்த விளக்குகளை ஐ.எஸ். 16102இன் முதல் பகுதிப்படி சோதிக்கிறார்கள். அது பாதுகாப்பைப் பற்றியது; ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா என்று கேட்கும், இரைச்சல் விடுமா என்று கேட்காது. 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வழங்கப்பட்ட நாட்டில் இது சிறிய விடுபாடு அல்ல. தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு 2017ஆம் ஆண்டு விதித் திருத்தம் மின்காந்த இணக்கத்தையும் கட்டாயமாக்கியது. வீட்டு விளக்குக்கும் தறி டிரைவுக்கும் அப்படி ஒன்று இல்லை. ஐரோப்பாவிலோ 1996 ஜனவரி 1 முதல் இணக்கமின்றிக் கருவியைச் சந்தையில் வைக்க முடியாது. இப்போதைய 2014/30 ஆணை, ஓரிடத்தில் நிலையாக நிறுவப்பட்ட அமைப்புகளையும் தழுவுகிறது: நல்ல பொறியியல் முறைப்படி நிறுவ வேண்டும், அதை ஆவணப்படுத்த வேண்டும், பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். தறி ஊருக்குத் தேவையான விதி இதுதான் என்பது என் கருத்து.

மத்திய அலையை இன்று யார் கேட்கிறார்கள் என்று ஒரு மறுப்பு வரும். கேட்பவர்கள் குறைந்திருக்கலாம், ஆனால் அதே அலைவெண்களையும் அவற்றை ஒட்டிய அலைவெண்களையும் இப்போது வேறு பணிகள் பயன்படுத்துகின்றன. தொலைபேசிக் கம்பி வழி இணையமும், மின்கம்பியிலேயே தகவல் அனுப்பும் மீட்டரும் அங்கேதான் வாழ்கின்றன. வேல்ஸ் நாட்டின் அபர்ஹோசன் கிராமத்தில் 18 மாதங்களாகக் காலை 7 மணிக்கெல்லாம் இணையம் அறுந்துபோனது. கேபிளை மாற்றிப் பார்த்தும் பலனில்லை. 2020இல் பொறியாளர்கள் கருவியோடு தெருத்தெருவாக நடந்து, ஒரு வீட்டின் பழைய டி.வி.யே காரணம் என்று கண்டார்கள். ஒரு கிராமத்துக்கு ஒரு பெட்டி போதுமென்றால், தெருவுக்குத் தெரு டிரைவ் பொருத்தப்படும்போது என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

சிறு தொழிலுக்குச் செலவு என்ற மறுப்பு கனமானது, அதை ஒதுக்கக் கூடாது. வடிவமைக்கும்போதே சோக்கும் கெப்பாசிட்டரும் வைப்பது மலிவு. விற்றபின் வைப்பது பல மடங்கு. ஆகவே செலவு தயாரிப்பாளரிடம் விழ வேண்டும், நெசவாளரிடம் அல்ல. சோதிக்கும் இடமும் தொலைவு. மத்திய அரசின் சமீர் நிறுவனம் சென்னை தரமணியில் மின்காந்தவியல் மையம் நடத்துகிறது; கருவியை வண்டியில் ஏற்றி 500 கிலோமீட்டர் கொண்டுபோய், தோற்றால் திருத்தி மீண்டும் கொண்டுபோவது சிறு தயாரிப்பாளருக்கு இயலாத காரியம். முன்சோதனைக்குப் பெரிய அறை தேவையில்லை. செயற்கை மின்வலை, அலைமாலைப் பகுப்பி, உலோகத் தகடு பதித்த ஒரு மேடை இருந்தால் கம்பி வழி உமிழ்வை அளந்துவிடலாம். குறு, சிறு தொழில் குழும வளர்ச்சித் திட்டத்தின் பொது வசதி மையமாக இதை விருதுநகர் மாவட்டத்தில் அமைக்க முடியும்.

நடைமுறைக்குத் தேவையான தகவலும் ஏற்கெனவே மின்வாரியத்தின் கையில் இருக்கிறது. விசைத்தறிக்குத் தமிழ்நாட்டில் தனிக் கட்டணப் பிரிவு உண்டு. ஒவ்வொரு இணைப்பும் எந்த டிரான்ஸ்பார்மரின் கீழ் என்பதும் பதிவில் இருக்கிறது. வீட்டு இணைப்பும் தறி இணைப்பும் ஒரே டிரான்ஸ்பார்மரில் இருந்தால் அது முதல் சூழல். அங்கே வீட்டு வரம்புக்குள் அடங்கும் டிரைவ் மட்டுமே வர வேண்டும், அல்லது தகுந்த ஃபில்டரோடு வர வேண்டும். கூடுதல் சுமை கேட்டு விண்ணப்பிக்கும் படிவத்தில் டிரைவின் வகையைக் குறிக்க ஒரு கட்டம் சேர்த்தால் போதும். மூன்று கட்ட மோட்டாருக்கு இரண்டு தனி எர்த் இணைப்பு வேண்டும் என்பதைச் சரிபார்க்கும் மின் ஆய்வுத் துறை, தன் வரம்புக்குள் வரும் நிறுவல்களில் கேபிள் உறையின் இணைப்பையும் ஃபில்டரின் எர்த் திருகையும் சேர்த்துப் பார்க்கலாம். இந்திய தர நிர்ணய அமைவனம் எல்.இ.டி. விளக்குக்கும் டிரைவுக்கும் உமிழ்வுச் சோதனையைக் கட்டாயப் பதிவில் சேர்க்க வேண்டும். சி3 டிரைவின் எச்சரிக்கை பெட்டியின் மேலேயே தமிழில் அச்சாக வேண்டும். பாளையம்பட்டியில் டிரைவ் வாங்கும் தறிக்காரர், கடைக்காரரிடம் விலை கேட்கும் முன் அது எந்த வகை என்று கேட்கட்டும்.