எலிமருந்தும் கூகையும்: கெடாவில் சட்டத்தின் கண்ணில் படாத ஒரு சாவு

கெடாவை மலேசியர்கள் 'ஜெலாப்பாங் பாடி' என்பார்கள். நெற்களஞ்சியம் என்று பொருள். அதே 'ஜெலாப்பாங்' ஒரு பறவையின் பெயரிலும் இருக்கிறது. வெளுத்த வட்ட முகமுள்ள கூகைக்கு மலாய் நூல்கள் தரும் பெயர் 'புங்குக் ஜெலாப்பாங்', அதாவது களஞ்சியக் கூகை. ஆங்கிலப் பெயரை அப்படியே மலாயாக்கியதாக இருக்கலாம். இருந்தாலும் இந்த மாநிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

கூகை, பருந்து, கழுகு ஆகிய இரைகொல்லிப் பறவைகளுக்குத் தீபகற்ப மலேசியாவில் சட்டக் காப்பு உண்டு. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2010ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் (சட்டம் 716) வந்தது. 2022இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. நடைமுறைப்படுத்தும் பொறுப்பு பெர்ஹிலித்தான் எனப்படும் காட்டுயிர்த் துறையுடையது. வேட்டையாடுவதும் பிடித்து வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். இவை ஒவ்வொன்றுக்கும் துப்பாக்கியோ கண்ணியோ கூண்டோ பிடித்த ஒரு கை வேண்டும். தோட்டத்தில் எலிமருந்தால் சாகும் கூகைக்குப் பின்னால் அப்படி ஒரு கை தெரிவதில்லை. ஆகவே அது இறந்ததாகக் கொள்ளப்படுகிறது, கொல்லப்பட்டதாகக் கொள்ளப்படுவதில்லை. இந்த வேறுபாடு நியாயமானதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நியாயமில்லை என்பது என் வாதம்.

கூகை தீபகற்பத்தில் பெருகியதே செம்பனையால்தான். 1960களுக்கு முன் அது இங்கே அரிய பறவை. கூலிம், சுங்கைப்பட்டாணி, கோலக்கெட்டில் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிச் செம்பனை நட்டபோது உதிரிப் பழம் எலிக்கு உணவானது, வெட்டிப்போட்ட மட்டைக் குவியல் அதற்கு வீடானது. எலி பெருகவே அதன் பின்னால் கூகை வந்தது. பொந்துள்ள முதிர்ந்த மரங்கள் செம்பனைக் காட்டில் இல்லாததால் நிர்வாகங்கள் கம்பத்தில் பெட்டி கட்டிக் கொடுத்தன. 5 முதல் 10 ஹெக்டருக்கு ஒரு பெட்டி என்பது வழக்கமான கணக்கு. முடா பாசனப் பகுதியின் வயல்களிலும் இப்படிப் பெட்டிகள் நட்டார்கள். ஆள் தேவைப்பட்டபோது தொழிலாளர்களை லயம் கட்டிக் குடிவைத்த அதே தோட்டப் புத்திதான் இது. கூகையைக் குடிவைத்த நிர்வாகங்களேதான் எலிக்கு மருந்தும் வைத்தன.

கூகையின் உணவு ஏறத்தாழ முழுவதும் எலி. வார்ஃபரின் போன்ற முதல் தலைமுறை மருந்துகள் 1950 வாக்கில் புழக்கத்துக்கு வந்தன. புரோமாடியோலோன், புரோடிஃபாகூம் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்துகள் 1970களின் இறுதியில் தொடங்கிப் பரவின. இரண்டும் செய்யும் வேலை ஒன்றே: உடல் வைட்டமின் கே-யை மீண்டும் பயன்படுத்த முடியாதபடி தடுத்து, இரத்தம் உறையாமல் செய்துவிடும். தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தளர்ந்து, வெட்டவெளியில் தடுமாறித் திரிந்துவிட்டுத்தான் சாகும். கூகைக்கு அதைவிட எளிதான இரை ஏது? இரண்டாம் தலைமுறை மருந்து ஈரலில் மாதக்கணக்கில் தங்குகிறது. ஆகவே இன்று தின்ற எலியும் போன மாதம் தின்ற எலியும் ஒரே கணக்கில் கூடுகின்றன.

'தெரியாமல் நடந்தது' என்ற சமாதானம் இங்கே எடுபடாது. கூகைகளை ஆராய்ந்த ஜே. இ. டக்கெட் 1984இலேயே செம்பனைத் தோட்டக் கூகைகளையும் இரண்டாம் தலைமுறை மருந்துகளையும் இணைத்து எழுதினார். அது வெளிவந்த இடம் பறவையியல் ஏடன்று, தோட்ட அதிகாரிகளின் சொந்த இதழான 'தி பிளாண்டர்'. 2014இல் மலேசிய ஆய்வாளர்கள் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார்கள். ஒன்றில், குளோரோஃபாசினோனும் புரோமாடியோலோனும் தின்ற எலிகளைக் கூண்டுக் கூகைகளுக்கு ஊட்டிப் பார்த்தார்கள். மற்றதில், அதே மருந்துகள் தோட்டக் கூகையின் இனப்பெருக்கத்தை எப்படிப் பாதிக்கின்றன என்று அளந்தார்கள். குளோரோஃபாசினோன் முதல் தலைமுறையைச் சேர்ந்தது. பழைய மருந்துக்குத் திரும்பினால் போதும் என்ற எளிய தீர்வை இதனாலேயே நான் முன்வைக்கவில்லை. நோக்கமின்மை வேறு, அறியாமை வேறு. விளைவு தெரிந்தபின் செய்ததை விபத்து என்று சொல்ல முடியாது.

தோட்டத்தரப்பின் மறுப்பையும் சொல்ல வேண்டும். எலி தின்னும் விளைச்சலை 5 விழுக்காடு என்று மதிப்பிடுவது வழக்கம். கூகை மட்டும் அதை ஈடுகட்டாது என்கிறார்கள். எலி வெள்ளமாகப் பெருகும் ஆண்டில் அது உண்மைதான். ஆனால் இது அளவோடும் காலம் பார்த்தும் மருந்து வைப்பதற்கான காரணம், செத்த பறவையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கான காரணமாகாது.

சிக்கல் இரு சட்டங்களின் இடைவெளியில் இருக்கிறது. எலிமருந்தைப் பதிவுசெய்வது 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் இயங்கும் வாரியம். பறவை காட்டுயிர்த் துறையின் பொறுப்பு. பிணந்தின்னிக் கழுகுகளான இந்தியப் பாறுகளின் கதை இங்கே உதவும். வெண்முதுகுப் பாறு 1990களில் தொடங்கி 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசியே காரணம் என்று 2004இல் தெரிந்தது. 2006இல் கால்நடைகளுக்கான பயன்பாட்டை இந்தியா தடைசெய்தது. வேட்டைச் சட்டத்தின் எந்தப் பிரிவாலும் அந்தச் சாவுகளைத் தடுத்திருக்க முடியாது. மருந்துச் சட்டத்தில் கைவைத்த பிறகே முதுமலையை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சிய பாறுகளுக்கு நம்பிக்கை பிறந்தது.

நம் மனப்பழக்கமும் இந்த இடைவெளிக்கு உடந்தை. செம்பருந்து நமக்குக் கருடன்; குடமுழுக்கில் வட்டமிட்டால் கும்பிடுவோம். லங்காவியின் குவா நகரில் 12 மீட்டர் உயரத்தில் அதற்குச் சிலை உண்டு. கெடாவின் பழங்கதையான 'ஹிக்காயாட் மேரோங் மகாவங்சா'விலும் கருடன் வருகிறது. கூகையோ புறநானூற்றின் சுடுகாட்டுப் பாடல்கள் தொட்டே சாவின் பறவை. மலாய்க்காரருக்கும் ஆந்தை 'பூரோங் ஹந்து', பேய்ப்பறவை. சாவின் பறவை செத்துக் கிடந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

பிரிட்டனில் 1960களிலிருந்து, செத்துக் கிடைக்கும் இரைகொல்லிப் பறவைகளை வாங்கி அவற்றின் உடலில் நஞ்சு தேடுகிறார்கள். கெடாவில் தொடங்குவதற்கு அவ்வளவு பெரிய ஏற்பாடுகூட வேண்டாம். பெட்டி வைத்துப் பேணும் தோட்டங்களில் எந்தப் பெட்டியில் எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. எந்த பிளாக்கில் எந்தத் தேதியில் எந்த மருந்து வைத்தார்கள் என்பது வேறொரு ஏட்டில் இருக்கும். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதச் சொல்லி, செத்த கூகையின் ஈரலை ஆய்வகத்துக்கு அனுப்புவதை மருந்துப் பதிவின் நிபந்தனையாக்க வேண்டும். அந்த ஈரலில் மருந்து இருந்தால், அதை வைக்க உத்தரவிட்டவர் யார் என்பதற்கு ஏட்டிலேயே கையெழுத்து இருக்கும்.